மூன்றாம் பாதி

ஆட்டத்துக்கு இரண்டு பாதிதான்,
மூன்றாவதை நாம் விற்போம் என்று
பூன் கியாட் பெயர்ப்பலகை மாட்டியபோது
ஜூ சியாட் கடையில் ஒன்பது மேசை.
தொலைக்காட்சி ஒன்று,
அதுவும் அவர் மாமியார் வீட்டுச் சுவரிலிருந்து
கழற்றி வந்தது.

ஏழாம் மேசைக்கு ஒரு கால் குட்டை.
பீர் அட்டையை நாலாய் மடித்து
அடியில் சொருகுவேன்.
கோல் விழும், எல்லாரும் எழுவார்கள்,
மேசை ஆடி அட்டை நழுவும்,
மறுபடி குனிவேன்.
அடித்தது யார் என்று
எனக்குக் கடைசியில்தான் தெரியும்.

விடிய விடியத் திறக்க அனுமதி வாங்கிய
அந்த இறுதியாட்ட இரவு
மணி மூன்று, அறுபது பேர்,
சாஸுக்குத் தக்காளி தீர்ந்துபோனது.
டெஸ்மண்ட் பெரேரா
புளியைக் கரைத்து ஊற்றி
சில்லி பாடியைக் கைகொள்ளாமல் அள்ளிப் போட்டு
"செத்தேன்" என்றபடி தட்டை நகர்த்தினான்.
எலும்பு மட்டும் திரும்பி வந்தது.

அதற்கு இப்போது மிட்நைட் விங்ஸ் என்று பெயர்.
உட்லண்ட்ஸ் மத்தியச் சமையலறையிலிருந்து
இரண்டு கிலோ பைகளில் உறைந்து வருகிறது
பதினோரு கிளைகளுக்கும்.
பைமேல் தொகுதி எண் உண்டு,
காலாவதி நாள் உண்டு.

நான் இன்று திறப்புக் குழு.
தெம்பனிஸ், ஜூரோங், விமான நிலையத்தில் ஒன்று,
இப்போது பொங்கோல்.
ஆறு வாரம் இருப்பேன்,
எண்ணெய் நூற்று எழுபத்தைந்தில் நிற்கப் பழகியதும்
கிளம்பிவிடுவேன்.
கையேடு நாற்பத்தொரு பக்கம்:
விருந்தினர் அமர்ந்த நாற்பது விநாடியில் தண்ணீர்.
கோல் விழுந்தால், எந்த அணியானாலும்,
பணியாளரும் கைதட்ட வேண்டும்.
நான் தட்டியதே இல்லை.
குனிந்துகொண்டிருந்தேன்.

பொங்கோலில் இருபத்தாறு திரை.
எல்லா மேசையும் சமமாய் நிற்கிறது.
ஏழாம் மேசையை மட்டும்
கடை மூடுமுன் ஒருதடவை அழுத்திப் பார்ப்பேன்.
ஆடாது.

சனிக்கிழமை அந்த மேசையில் டெஸ்மண்ட்.
பேருந்து ஓட்டுகிறானாம், சீருடையோடு வந்திருந்தான்.
பீர் வேண்டாம், விடிகாலை ஷிப்டு.
விங்ஸ் மட்டும் கேட்டான்.
ஒன்றைக் கடித்து விரலை நக்கி
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான்.
"உப்பு சரியா இருக்கு" என்றான்.
"அன்னிக்கு இருக்கல."
குறை சொல்கிறானா, பாராட்டுகிறானா?
கேட்பதற்குள் எங்கோ கோல் விழுந்து
பதினெட்டு பணியாளர் கைதட்டினார்கள்.

அவனிடம் பணம் வாங்க மனம் வரவில்லை.
பழைய ஊழியருக்குச் சலுகை என்றொரு பொத்தான்
கல்லாவில் கிடையாது.
பில்லை ரத்துசெய்தால் காரணம் கேட்கும்:
தாமதம், ஆறிப்போனது,
மேசை மாறியது,
வாடிக்கையாளர் எழுந்து போய்விட்டார்,
சமையலறைத் தவறு.

ஐந்தையும் இருமுறை படித்தேன்.
கடைசியை அழுத்தினேன்.