பதினாலாம் ரூம் பாத்ரூம்

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சுவிட்ச்.
அதைக் கழற்றிவிட்டு
சுவிட்சும் பிளக்கும் சேர்ந்த ஒன்றை மாட்டச் சொல்லி
ஜபருல்லா பாய் மேலே அனுப்பினார்.
"பெங்கால் பார்ட்டி. தெனம் கேட்டுக்கினே கீறாங்க."

பாபுராவ் தெரு லாட்ஜுகளில் நான் பிழைக்கும் இந்தி
மூன்று சொல்: கரண்ட், பந்த், பாஞ்ச் மினிட்.
அதற்கும் தலையாட்டினார் சுகந்த மண்டல்.
அவர் மனைவி கட்டிலில், சுவர்ப்பக்கம் திரும்பி.
தலையணை மேல் துண்டு.
துண்டின் மேல் முடி.

பியூஸைப் பிடுங்கினால் மாடி முழுக்க நின்றுவிடும்.
வேலூர், மே மாதம், பகல் இரண்டு மணி.
பதினோராம் ரூமில் யாரோ நெபுலைசரில் இருந்தார்கள்.
அந்த மிஷின் சத்தம் ஓயும்வரை
படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், கையில் ஸ்க்ரூடிரைவர்.

பிடுங்கியதும் எட்டுக் கதவும் திறந்தன.
ராய்ப்பூர், கட்டக், அகர்தலா
எல்லாம் வராந்தாவில் நின்று
எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டன.

பெட்டிக்குள் இரண்டே கம்பி. இரண்டும் சிவப்பு.
ஒன்று வருகிறது, ஒன்று விளக்குக்குப் போகிறது.
நியூட்ரல் இல்லை.
அணைத்து ஏற்ற இது போதும்;
ஒரு பிளக்குக்குக் கொடுக்கப் போதாது.
ஒயர் மிச்சம் பிடித்த திருட்டுப்பயல் யாரென்று
வாய்விட்டே திட்டினேன்.
பிறகு ஞாபகம் வந்தது:
இந்த மாடிக்கு ஒயர் இழுத்தது நான்தான்.
தொண்ணூற்றெட்டு. பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி.

விளக்கிலிருந்து கருப்பை இறக்கி,
வராந்தா பெட்டியிலிருந்து பச்சையைத் துளைபோட்டுக் கொண்டுவந்து,
மாட்டி, முறுக்கி, பியூஸ் போட்டேன்.
டெஸ்டர் வலது ஓட்டையில் எரிந்தது.
இடதில் எரியவில்லை. சரி.

சுகந்த மண்டல் பையிலிருந்து ஒரு டிரிம்மரை எடுத்தார்.
பேட்டரி செத்த பழசு, ஒயர் ஒரு முழம்.
கட்டிலருகே பிளக் இருக்கிறதே என்று
கேட்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன்:
அங்கே கண்ணாடி இல்லை.

அந்த அம்மாள் தானே எழுந்து வந்தாள்,
ஒரு கையால் வாஷ்பேசினைப் பிடித்தபடி.
டிரிம்மரை அவர் கையிலிருந்து வாங்கி
சுவிட்சைப் போட்டாள். எரிந்தது விளக்கு.
மறுபடி பார்த்து, பக்கத்துச் சுவிட்சைப் போட்டாள்.

கதவு சாத்தும் முன்பே
அந்தச் சின்ன இரைச்சல் தொடங்கிவிட்டது.

"இன்னாபா, ஒரு பிளக்குக்கு ரெண்டு மணி நேரமா?"
நானூற்று ஐம்பது என்று எழுதிக்கொடுத்தேன்.
கருப்புக் கம்பி மூன்று மீட்டரை எழுதவில்லை.
அதற்குத் தொண்ணூற்றெட்டிலேயே
காசு வாங்கியாயிற்று.