உண்மைப் பிரதி

கச்சேரியில் இருபத்தாறு வருசம்
கள்ள உறுதி பார்த்த கண் எனக்கு.
மை பழசு, முத்திரை புதுசு என்றால்
மூக்கே சொல்லிவிடும்.

பாலையூற்றில் வாங்கிய மொரிஸ் மைனரின்
பொனற்றைத் தூக்கியதும்
பழக்கதோசத்தில் எல்லை வாசித்தேன்:
வடக்கே ரேடியேட்டர், தெற்கே கியர்பெட்டி,
கிழக்கே டிஸ்ரிபியூட்டர், மேற்கே காபரேட்டர்,
இதற்குள் அடங்கிய இரும்பு முழுவதும்
ஐம்பத்தாறாம் ஆண்டுக்குரியதுதானா?

பத்திநாதன் தின்னரில் துணி நனைத்து
டைனமோவுக்கு மேலே துடைத்தான்.
பச்சைப் பூச்சு. அதற்கடியில் சிவப்பு.
அதற்கடியில் வேறொரு பச்சை.
பிறகு தகடு.
லொக் புத்தகத்தில் உள்ள அதே இலக்கம்,
ஓர் எழுத்தும் பிசகில்லை.
அவன் சிரித்தான்.
நான் தகட்டின் ஓரத்தைப் பார்த்தேன்:
ஒரு மூலை கிழிந்திருக்கிறது,
றிவிட் இருக்கவேண்டிய இடத்தில் திருகாணி,
அதிலும் ஒன்று சைக்கிளுடையது.

தகடு கழன்று வரும், வேறிடம் போகும்.
வார்ப்பு போகாது.
உருக்கி ஊற்றியபோதே புடைத்த எழுத்துகளைக்
கண்ணை மூடிக்கொண்டு தடவினேன்,
மூன்று வரவேண்டிய இடத்தில்
விரல் எட்டில் சுற்றியது.
பத்து வருசம் பிந்திப் பிறந்த
ஏதோ ஒரு வானின் வயிறு இது.

பழைய இரும்புக்கடை யோகச்சந்திரன்
யோசித்து யோசித்துச் சொன்னான்:
எண்பத்தாறில் ஒன்று கிண்ணியாப் பக்கம் போச்சு,
தண்ணி இறைக்க.

பாலம் தாண்டி, குறிஞ்சாக்கேணியில்
கச்சான் தோட்டத்து நடுவே
இரண்டு தென்னங்குற்றியில் குந்தியிருந்தது.
உதுமாலெவ்வை நிறுத்தமாட்டேன் என்றார்,
பாத்தி நிரம்பட்டும்.
நிரம்பியது. சூடு ஆறும்வரை
பிளேன்ரீ குடித்தோம்.
பிறகு கிறீசைச் சுரண்டினேன்.
வார்ப்பில் மூன்று.
மேலே இரண்டு துளை.
ஒன்றில் முறிந்த றிவிட்டின் கழுத்தோடு
நகத்துண்டளவு தகடு, இன்னும் விடாமல்.
கைப்பையில் கொண்டுபோன தகட்டை வைத்தேன்.
கிழிசலும் கிழிசலும்
அடிக்கட்டையும் பற்றுச்சீட்டும் போலப் பொருந்தின.

"அப்ப இது உங்கட காருடையது.
நம்பர் தண்ணி இறைக்குமா புள்ள?
ஓடுற ஒண்டைக் கொண்டாங்க, மாத்துவம்."

கொண்டுபோனோம், அந்த எட்டை.
அவர் எழுத்தொன்றும் வாசிக்கவில்லை.
பிளக் கழற்றிய துளையில் பெருவிரல் வைத்து
சுற்று என்றார்,
விரலைத் தள்ளிய காற்றுக்குத் தலையாட்டினார்.
எண்ணெய்க் கம்பியை இழுத்து
இரு விரலிடையில் தேய்த்து மணந்தார்.
என் கண்ணுக்கு அரைநாள் பிடித்ததை
அவர் மூக்கு ஐந்து நிமிசத்தில் முடித்தது.

அசல் வீடு வந்து நாலு மாதம்.
உவர்த்தண்ணி குடித்துக் குடித்து
உள்ளறையெல்லாம் உப்புப் பொருக்கு.
பத்திநாதன் தட்டுகிறான், ஊதுகிறான்,
வினாகிரி ஊற்றி விடுகிறான்,
"ஓடும் அக்கா, எப்ப எண்டுதான் கேக்கக்கூடாது."
கொட்டிலுக்கு வந்த மானொன்று
அது வந்த காட்போட் பெட்டியை
முக்கால்வாசி தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

நேற்று போன்.
பின்னால் எஞ்சின் சத்தம், தண்ணீர்ச் சத்தம்.
"தங்கம்மாதிரி ஓடுது புள்ள.
ஒரு சின்னக் கரைச்சல்.
எண்ணெய்ப் பங்கு தாறதுக்கு
கமநலக் கந்தோரில நம்பர் கேக்கிறாங்க.
இதில தகடு இல்லையே."

இல்லைத்தான். கழற்றியது நான்.

பத்திநாதன் அலுமினியத்தில் ஒரு துண்டு வெட்டி
ஓரம் அராவி என் முன்னால் வைத்தான்.
அச்சுப்பெட்டி திறந்திருக்கிறது.
வார்ப்பில் உள்ளபடியே அடிப்போம்,
அது பொய்யில்லையே என்கிறான்.
இருபத்தாறு வருசத்துக் கண்
எட்டைத் தேடுகிறது.
சுத்தியலைக் கையில் எடுத்தபிறகு
ஒன்று மட்டும் சொன்னேன்:
திருகாணி வேண்டாம்,
றிவிட் அடி.