அழைப்பிதழ் கேஸ்கெட்

இட்டமொழி தாண்டித் தேரிக்குள் ஏறியதும்
எஞ்சின் மட்டும் போனது,
வண்டி நின்றது.
அத்தனை கூச்சலுக்கும் பின்சக்கரம்
செம்மணலில் காது கேளாதவன் மாதிரி இருந்தது.
பிறகு அந்த வாடை.
ரப்பர் இல்லை, வயர் இல்லை,
பிளேட் வேகிற வாடை.
ஒருமுறை மோந்தவனுக்கு மறக்காது.

என் பொறுப்பில் பதினேழு காற்றாடி.
தார் ரோடு போவது நாலுக்கு.
மற்றதுக்கெல்லாம் இந்த உயரக்கால் வண்டிதான்,
கம்பெனிக்காரன் செய்வதை நிறுத்தி வருசமாயிற்று.
பதினொன்றாம் நம்பர் வரை தள்ளிக்கொண்டு போய்
அதன் தூரில் உட்கார்ந்தேன்.
தலைக்கு மேல் இறக்கைகளை
ஆடிக்காற்று பிடித்த பிடி விடவில்லை.

வள்ளியூரில் அந்தோணி மிக்கேல்
லிவரை ஒரு விரலால் தட்டிப் பார்த்தான்.
"எவம்ல கேபிளை இப்படி இறுக்குனது?"
நான்தான்.
நழுவ நழுவ இறுக்கினேன்,
இறுக்க இறுக்க நழுவிற்று.
"ஒரு காசு கனத்துக்குச் சும்மா ஆட விடணும்டே.
ஆட எடமில்லன்னா
நீ கையை எடுத்தாலும் அது முழுசாப் புடிக்காது,
பாதியில தொங்கிக்கிட்டுக் கெடக்கும்.
எண்ணெய் என்ன ஊத்துன?"
மச்சினன் டாக்சிக்கு வாங்கியதில் மிச்சம்.
அவன் தன் தலையில்தான் அடித்துக்கொண்டான்,
வலித்தது எனக்கு.

வேறொரு வண்டியின் பிளேட் சேருமென்று
ஐந்து எண்ணித் தந்தான், பைக் எண்ணெய் ஒரு டப்பா.
"கோயில்ல சப்பரம். ரெண்டு நாள் கடை கெடயாது.
நீயே மாட்டிருவியா?"

அன்றிரவு அடுக்களையில் இரண்டு ஊறல்.
ஒரு சட்டியில் உளுந்து,
ஒரு சட்டியில் எண்ணெய்க்குள் பிளேட்.
மாறிப்போகாமலிருக்க வைரமணி
இரண்டு மூடியிலும் சாக்கட்டியால் எழுதினாள்.

காலையில் மூடியைக் கழற்றினால்
எண்ணெய் கறுத்து, தூள் தூளாய்.
நடுவில் இருந்த இரும்புத் தகடுகளில்
சூட்டில் மயில்கழுத்து நிறம் பாய்ந்திருந்தது.
கெட்டுப்போன ஒன்று இவ்வளவு அழகாய் இருக்குமா என்று
கொஞ்ச நேரம் வெயிலில் திருப்பிப் பார்த்தேன்.
தகடுகளை உப்புத்தாளில் தேய்த்தேன்.
மகளின் ஸ்கேலில் ஸ்பிரிங் நாலும்
ஒரே உயரம் நின்றன. அது ஒரு ஆறுதல்.
கேஸ்கெட்தான் கழற்றும்போதே கிழிந்துவிட்டது.

கனத்த தாளாக எதாவது கொடு என்றேன்.
பீரோவுக்கடியில் தேடி
ஒட்டிய உறை பிரிக்காமல் ஒன்றைக் கொண்டுவந்தாள்.
அண்ணன் சுயம்புலிங்கம் வீட்டுப் பால்காய்ப்பு.
நாங்கள் பேச்சை நிறுத்திய வருசம்.
பதினொன்றாம் நம்பர் நிற்கிறது எங்கள் அப்பா நிலத்தில்;
அதன் வாடகையில் யாருக்கு எவ்வளவு என்பதில் வந்தது.
"இதையா?" என்றாள்.
நல்ல அட்டை, என்றேன்.

மூடியின் விளிம்பில் எண்ணெய் தடவி
அட்டையில் ஒற்றினேன்.
அச்சு வழியே கத்தரி போனது.
சுற்றமும் நட்பும் கீழே விழுந்தது.
போல்ட்டுக்கு ஆணியால் துளை,
ஒன்று சுபமுகூர்த்தத்தில் இறங்கியது.
இடப்பக்க ஓரத்தில், சின்ன எழுத்தில்,
அன்புடன் வரவேற்பவர்கள்:
முதல் பெயர் என்னுடையது.
இ. பட்டுமுத்து.
கீழே, தம்பி.

கத்தரி அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது.
வட்டம் அங்கே கொஞ்சம் அகலம்,
மூடிக்கு வெளியே நகக்கண் அளவு நீட்டிக்கொண்டு தெரியும்.
மிக்கேல் பார்த்தால் பிளேடால் சீவிவிடுவான்.

மாட்டினேன். எண்ணெய் ஊற்றினேன்.
லிவரில் ஒரு காசு ஆட விட்டேன்.
தேரி மேட்டில் ரெண்டாவது கியரில் கையை விட
மணலைக் கவ்விக்கொண்டு ஏறியது.

திரும்பும்போது அண்ணன் வீட்டு வழி வந்தேன்.
அது தார் ரோடுதான், இந்த வண்டி தேவையில்லை,
சுற்றுவழியும்கூட.
மூடியில் கசிவு இருக்கிறதா என்று
வேலிக்கு நேரே நிறுத்திப் பார்த்தேன்.
இல்லை.
இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன்.