சார்ஜ்

ஸ்டான்லியில் எலும்பு வார்டுச் சுவரில்
உயிரோடு இருந்தது ஒரே ஒரு பிளக்.
பதினோரு போன்கள் அதற்குக் காத்திருந்தன.
"உங்களுக்கு எவ்ளோ சார்ஜ் இருக்குக்கா?"
பக்கத்துக் கட்டில்காரரின் மகள் கேட்டாள்.
நாலு என்றேன்.
தன் ஒயரைப் பிடுங்கி
என் போனைச் சொருகினாள்.

அண்ணன் தேசப்பனுக்கு வலக்கையில் மாவுக்கட்டு.
காசிமேட்டில் வண்டி நிறுத்த இடம் கேட்டு உட்கார்ந்தவர்கள்மேல்
சனிக்கிழமை விடியலில் லத்தி சார்ஜ்.
தூக்கிவந்த ஆட்டோக்காரர்
"சார்ஜ் வேணாம்மா,
சீட்ட மட்டும் தொடச்சிக் குடு" என்றார்.
துப்பட்டாவால் துடைத்தேன்.
ரெக்ஸினின் தையலுக்குள் போனது போகவில்லை.

எழும்பூர் கோர்ட்டில் தட்டச்சு எனக்கு.
தமிழ் இந்த விஷயத்தில் கறார்.
கட்டணம் தடியடியின் நிழலில்கூட நிற்காது,
பொறுப்பு வேறு வீடு,
குற்றச்சாட்டு வேறு தெரு.
இங்கிலீஷிலோ எல்லாம் ஒரே அறையில் குடித்தனம்,
ஒரே பாயில் படுத்து
ஒன்றன் காலை ஒன்று உதைத்துக்கொண்டு.

இன்சார்ஜ் சிஸ்டர் வந்தால்தான் டிஸ்சார்ஜ்
என்று சொல்லிவிட்டார்கள்.
அவர் வரவில்லை.
நாலு மணிவாக்கில் போனில் தோண்டிப் பார்த்தேன்.
பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கப்பலேறி வந்த சொல்லாம்.
அதற்கும் முன்னால், அடி வேரில்,
ஒரு வண்டி நிற்கிறது.
வண்டியில் பாரம் ஏற்றுவது:
அவ்வளவுதான் அதற்கு முதல் அர்த்தம்.

இருபது வருஷமாக மீன்பாடி வண்டி ஓட்டுகிற
அண்ணனுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.
கண்ணைத் திறக்காமல் கேட்டான்:
"எத்தினி கூட?"

சிரித்தேன். சிரித்ததில்
அவன் கட்டில் ஆடி, வலித்து,
என் பிறப்பையே திட்டினான்.

வண்டி இப்போது ஸ்டேஷன் வாசலில்,
வழக்குச் சொத்து.
முன் டயரில் காற்றில்லை.
பலகை இடுக்கில் காய்ந்த செதில் மின்னுகிறது.
எண்பது கூடை சங்கரா ஏறிய இடத்தில்
ஏட்டையாவின் ஹெல்மெட்.

ஒன்றரை மாதம் கழித்து
நகலெடுக்க என் மேசைக்கு வந்தது சார்ஜ் ஷீட்.
குற்றப்பத்திரிகை என்று அடித்தேன்,
தினமும் நாற்பது முறை அடிக்கிற கை,
அதற்குத் தெரியாது.
ஒன்பதாவது எதிரி தேசப்பன்,
வயது முப்பத்தெட்டு,
தகப்பனார் பெயர் எட்டப்பன்.

எட்டியப்பன்.
எங்கள் அப்பா எட்டியப்பன்.

மூலத்தில் உள்ளது உள்ளபடி
அடிக்க வேண்டும் என்பது விதி.
திருத்துகிற பொறுப்பு என்னுடையதல்ல.
திருத்தினால் கேஸ் இன்னும் இறுகும்,
விட்டால் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு
ஒரு வாய்தா வாங்குவார்.
மின்விசிறி சுற்றியது.
ஜாமீன் கேட்டு வந்தவர்கள்
ஜன்னலில் எட்டிப் பார்த்துப் போனார்கள்.

ஒரு சுழி, ஒரு எழுத்து.
பெரிய எடை ஒன்றுமில்லை.
ஏற்றினேன்.

அது என் அப்பா பெயரும்தான்.