மூன்று இல்லைகள்

வில்லிவாக்கத்தில், பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில்,
தண்ணீர் லாரிகளுக்காக ஒரு சின்ன மொழி செய்கிறோம்.
எந்த லாரி, எந்தத் தெரு, எத்தனை மணிக்கு.
புக்கிங் கவுன்ட்டர் ஹெப்சிபா தானே விதி எழுதிக்கொள்ள வேண்டும்,
ராத்திரி பதினொன்றுக்கு என்னைக் கூப்பிடக் கூடாது.
அந்த மொழிக்கு வேறு லட்சியம் கிடையாது.

எவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?
நூருல்லா வேலை விளம்பரங்களை எண்ணிக்கொண்டிருக்கிறான்.
எண்ணட்டும்.
கூட்டம் நிற்கும் கடையில்
பிரியாணி நன்றாக இருக்கலாம்,
பக்கத்துக் கடைக்கு இன்று விடுமுறையாகவும் இருக்கலாம்.

நான் மொழிகளிடம் கேட்பது வேறு.
எதற்கு முடியாது என்றாய்?
அதற்காக யார் யாரிடம் திட்டு வாங்கினாய்?
வாங்கிய பிறகும் முடியாது என்றுதான் நின்றாயா?

ஃபோர்ட்ரான்,
பெயரின் முதலெழுத்தைப் பார்த்தே
முழு எண்ணா தசமமா என்று முடிவுகட்டிவிடும்.
ஐ முதல் என் வரை ஒரு சாதி,
மிச்சமெல்லாம் இன்னொன்று.
பெயரின் வாலை வெட்டி
இனிஷியலோடு நிறுத்திக்கொண்ட ஊரில் உட்கார்ந்து
இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.
சிரித்துவிட்டுக் குறித்துக்கொண்டேன்:
சொல்லாததை ஊகிக்காதே.

சி மொழியின் ஸ்விட்ச்சில்
நிறுத்து என்று எழுத மறந்தால்
நாதமுனியில் இறங்க வேண்டியவரைப்
பாடியில் கொண்டுபோய் விடும்.
ஐம்பது வருஷமாக
உலகமே விசிலடித்துக்கொண்டு பயணம் செய்கிறது.

கோபாலை எல்லோரும் கிண்டல் செய்வார்கள்.
ஒரு புள்ளி இடம் மாறினால்
ஒருவர் சம்பளம் இடம் மாறும், உண்மைதான்.
ஆனால் அதைச் செய்தவர்கள்
ரசீது எழுதுகிற ஒரு ஆளை மனதில் வைத்திருந்தார்கள்.
ஏதோ ஒரு ஊர் ஹெப்சிபாவை.
அதற்காக எழுந்து நிற்கலாம்.

போன செவ்வாய்.
புழல் ஏரியில் தரை தெரிகிற மே மாதம்.
பன்னிரண்டாயிரம் லிட்டரோடு ராஜமங்கலம் போன தணிகாசலம்
போன் செய்தார்:
"மேடம், இங்க தொட்டியே கெடையாது."

படிவத்தில் தொட்டியின் அளவு காலியாக இருந்தது.
காலியை நம் மொழி பூஜ்யம் என்று படித்தது.
பூஜ்யம் என்றால் வறண்டது,
வறண்டது என்றால் முதல் லாரி.
அடுத்த தெருவில் நிஜமாகவே வறண்ட தொட்டியைச் சுற்றி
நாற்பத்தியொரு குடங்கள்,
வண்ணம் வாரியாக.

தொட்டி கிடையாது.
தண்ணீர் இல்லை.
தெரியலை.
ஹெப்சிபா மூன்றையும் ஒரே மூச்சில் போனில் சொல்வாள்,
ஒருமுறையும் குழம்பியதில்லை.
பெரிய மொழிகள் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டு
நல் என்று கட்டிவைத்திருக்கின்றன.
கட்டை அவிழ்க்கிறவன் கையில் எது சிக்குமோ.

அன்றிரவு தேடினேன்.
மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்தது
பெயர் கேள்விப்படாத ஒரு மொழி.
கையேடு ஒன்பதாம் பக்கத்தில் பாதி வாக்கியத்தோடு நிற்கிறது.
செய்தவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம்,
வேலை கிடைத்திருக்கலாம்.
அந்த ஒன்பது பக்கத்தையும் அச்செடுத்துச்
சுவரில் ஒட்டினேன்.

நூருல்லா பார்த்துவிட்டுக் கேட்டான்,
"இதுல யாரு கோட் எழுதுறா?"
"யாரும் இல்லை."
கொஞ்சம் யோசித்தான்.
"இல்லையா, தெரியாதா?"
அன்றைக்கு டீ நான் வாங்கிக்கொடுத்தேன்.

மூன்று சொற்களையும் சேர்த்து முடிக்க ஐந்து நாள் ஆயிற்று.
இப்போது காலியான கட்டத்தைப் பார்த்தால்
எந்தக் காலி என்று கேட்டுவிட்டு
அங்கேயே நின்றுகொள்கிறது மொழி.
பதில் வராமல் ஒரு சக்கரமும் உருளாது.
தணிகாசலம் ஹாரன் அடித்துப் பார்த்தார்.
அதற்கும் அசையவில்லை.

நேற்று ராத்திரி பதினொன்று பத்துக்குப் போன்.
"மேடம், தூங்கிட்டீங்களா?
தொட்டி இருக்கு. மூடியில பூட்டு.
சாவி ஓனர்கிட்ட. ஓனர் திருத்தணில.
இது எந்த இல்லை?"