மான் கடித்த மூலை

பஸ் நிலையத்தில்
செருப்பு வாரைப் பூட்டக் குனிந்த நேரம்
ஒரு புள்ளிமான்
என் சுயவிபரக்கோவையின் மூலையைத் தின்றுவிட்டது.
இரண்டாம் பக்கம், கீழ் ஓரம்:
பொழுதுபோக்குகள்.
நல்லது.
வாசிப்பு என்று எழுதியிருந்தேன்.
கடைசியாக என்ன வாசித்தீர்கள் என்று போனமுறை கேட்டார்கள்.
மாப் பையின் பின்பக்கம் என்று சொல்ல முடியுமா?

இது ஆறாவது நேர்முகம்.
முதலாவதில், இருங்கள் என்று சொல்லமுன் இருந்தேன்.
இரண்டாவதில், சொன்ன பிறகும் நின்றேன்.
உவர்மலையில் ஒரு மனுசி
எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்றா.
"நீங்கள் பார்த்துத் தாறதைத் தாங்கோ."
பார்த்தா.
தரவில்லை.
அங்கேயே
எந்த வேலையும் செய்வேன் என்றும் சொன்னேன்,
எந்த வேலை என்று திருப்பிக் கேட்டா,
வாய் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பஹீமா குரல்பதிவு அனுப்பியிருந்தாள், நாலு நிமிடம்.
பாதியைக் கிண்ணியாப் பாலத்துக் காற்று விழுங்கிற்று.
"பழைய முதலாளியைக் குறை சொல்லாதே டி,
சிரி, ஆனால் பல்லைக் காட்டாதே,
கடைசியில் ஏதும் கேட்க இருக்கா என்பார்கள்,
இல்லை என்று மட்டும்…"
மிச்சம் ஹோர்ன் சத்தத்தில் போயிற்று.

உட்துறைமுக வீதி. மீன் ஏற்றுமதிக் கம்பனி.
படியேறும்போதே ஐஸும் சூரைமீனும் மணத்தன.
நடுவில் ருவன்பத்திரண, பக்கத்தில் குகதாசன்,
ஓரத்தில் பெயர் சொல்லாத ஒரு கண்ணாடிக்காரி.
கடித்த மூலையில் குகதாசனின் விரல் நின்றது.
"மான்" என்றேன்.
மூன்று தலையும் ஆடின.
இந்த ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தேவைப்பட்டது அடுத்ததற்கு:
"சாதாரண தரம் மூன்று வருஷம் பிந்தியிருக்கிறதே?"

நாலாவது நேர்முகத்தில், சுகமில்லை என்றேன்.
என்ன வருத்தம்?
நெருப்புக்காய்ச்சல்.
மூன்று வருஷமா?
ஐந்தாவதில் எல்லாம் சொன்னேன்,
ஊரை விட்ட இரவு, வெருகல் ஆறு, தோளில் தம்பி.
அவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள்.
இரக்கத்துக்குச் சம்பளப் படிநிலை கிடையாது.

இன்றைக்கு:
"இரண்டாயிரத்தாறில் இடம்பெயர்ந்தோம்.
முகாமில் பங்கீட்டுக் கொப்பி என் பொறுப்பு.
இருநூற்றுப் பதினான்கு குடும்பம்,
அரிசி, பருப்பு, சீனி, எண்ணெய்.
ஒரேயொரு தரம் கணக்கு உதைத்தது. பருப்பு.
எலி என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் எடுத்தது."
கண்ணாடிக்காரி நிமிர்ந்தாள்.
ஏதோ எழுதினாள்.

பிறகு வந்தது அது:
"எங்களிடம் ஏதும் கேட்க இருக்கிறதா?"
பல்லுவரை வந்த இல்லையை விழுங்கிவிட்டு
"இந்தக் கதிரையில் முன்னர் இருந்தவர் ஏன் போனார்?"

கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.
ருவன்பத்திரண தொடங்கினார், தட்டித் தடவிய தமிழில்:
பிந்தி வருவான், எந்த நேரமும் போன்.
குகதாசன் சேர்ந்துகொண்டார்:
லீவு கேட்டே ஆளைக் கொல்லுவான்,
நன்றி கெட்டவன், அவன்ட தகப்பனும் அப்படித்தான்.
எனக்குக் காதில் பஹீமா.
குறை சொல்லாதே டி.
சிரித்தேன்,
பல் தெரியாமல்.

வாசலில் கோவையைத் திருப்பித் தரும்போது
கண்ணாடிக்காரி மெல்லச் சொன்னாள்:
"ஓவர்டைம் காசு கேட்டவன்."

அறிவிக்கிறோம் என்றார்கள்.
நானும் யோசித்துச் சொல்கிறேன் என்று
கடற்கரைவரை நடந்துபோய்
கடலைப் பார்த்துச் சொன்னேன்.
கேட்க நன்றாகத்தான் இருந்தது.

போனில் சார்ஜ் ஒன்பது வீதம்.
பஸ்ஸில் பாட்டுக் கேட்கவில்லை.
பஹீமாவுக்குப் பதில் போடவில்லை.
மூதூர் வரும்வரை
இரண்டு கையாலும் அதைப் பொத்தி வைத்திருந்தேன்,
அணைந்துவிடாமல்.