மூன்றில் பெரிய எண்

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, காது மூக்கு தொண்டை,
பதினேழாம் அறை. என் மேசைக்கு எதிரே
கால் எட்டாத நாற்காலியில் தர்ஷனா.
வீட்டில் உச்சி. வயது ஒன்பது.
ஊர் முக்கூடல் பக்கம்.
கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்த நிழல்.
மூக்கின் குறுக்கே ஒரு கோடு,
உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து
அவளே போட்டுக்கொண்டது.

முதலில் முகங்கள் வரைந்த அட்டை.
சிரிக்கும் முகம் பூஜ்யம், அழும் முகம் பத்து.
மூக்கு எவ்வளவு அடைச்சிருக்கு, தொட்டுக் காட்டு.
பூஜ்யத்தைத் தொட்டாள்.
"அடைக்கவே இல்லையா?"
"எப்பவும் போலத்தான் இருக்கு."
அம்மா குறுக்கே வந்தாள்:
"ராத்திரி பூரா வாயைத் திறந்துதான் தூங்குதா மேடம்.
விடிஞ்சா முப்பது தும்மல். எண்ணியிருக்கேன்."
முப்பதுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
பூஜ்யம் என்றே எழுதினேன்.

பிறகு குளிர்ந்த ஸ்டீல் தகடு, மூக்கடியில்.
மூச்சு விட்டாள்.
இடப்பக்கம் புளியங்கொட்டை அளவு மங்கல்.
வலப்பக்கம் டியூப் லைட் தெளிவாகத் தெரிந்தது.
மறைவதற்குள் மார்க்கரால் சுற்றி வரைய வேண்டும்,
ஆவி காத்திருக்காது.

பிறகு மாஸ்க், குழாய், குழாயில் ஒரு சிவப்பு முள்.
வாயை மூடு. மூக்கால் மட்டும், வெடுக்கென்று இழு.
பூவை மோந்து பார்க்கிற மாதிரி என்றேன்,
எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதுதான்.
அம்மா தலையிலிருந்த பிச்சியைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
மோந்து பார்ப்பதென்றால் அவளுக்கு
பூவை மூக்கருகே கொண்டுபோவது. அவ்வளவுதான்.
முள் அசையவில்லை.

"சளியை உள்ளுக்கு இழுக்குத மாதிரியாக்கா?"
அதேதான்.
"டீச்சர் அடிப்பாவ."
இங்க யாரும் அடிக்க மாட்டாங்க. இழு.
நாற்பது. முப்பத்தைந்து. நாற்பத்தைந்து.
மூன்றில் பெரியதை எழுத வேண்டும் என்பது விதி.
எனக்குப் பிடித்த விதி அது ஒன்றுதான்.

வெளியே ஆடி. அம்மியையும் நகர்த்துமென்று பேர்வாங்கிய காற்று
ஜன்னல் கொக்கியைப் பிடுங்கிப் பிடுங்கி அடித்தது.
கயத்தாற்றுப் பக்கம் இந்நேரம்
காற்றாலைகள் ஒன்றுவிடாமல் சுற்றும்.
அவ்வளவு காற்றில் இவள் பங்கு
நிமிடத்துக்கு நாற்பத்தைந்து லிட்டர்.

சொட்டு மருந்து, பக்கத்துக்கு ரெண்டு.
பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.
அம்மா மணி பார்த்தாள். சாயங்காலம் கடைக்கு
ஆயிரம் பீடி கட்டிக் கொடுக்கணும்,
பாதிதான் ஆகியிருக்கு.

மறுபடி தகடு. இரண்டு மங்கலும்
ஒன்றையொன்று தொட்டன.
"வெட்டுன எலை அளவு இருக்கு" என்றாள் அம்மா
எட்டிப் பார்த்து.
நான் கட்டத்தாளில் எண்ணிச் சொல்லுமுன்
அவள் கண் அளந்துவிட்டது.
மறுபடி மாஸ்க்.
எழுபது. எண்பது. எண்பத்தைந்து.

மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் உச்சி
வாயை மூடியபடியே உட்கார்ந்திருந்தாள்.
அந்த அட்டையைக் கேட்டாள்.
சிரிக்கும் முகத்தைத் தொட்டாள்.
"அப்பம் முன்ன தொட்டது தப்புக்கா.
அது எட்டு. எட்டுன்னு எழுதுங்க."
எழுதியதை அடிக்கக் கூடாது.
ஓரத்தில் பென்சிலால் எட்டு போட்டேன்.

கிளம்பும்போது அம்மா
அவள் முகத்தை வெறுங்கையால் துடைத்துவிட்டாள்.
உச்சி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.
"யம்மா, இது உன் கையா?
ஒரு மாதிரி நாறுது."

அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.
"பொயிலை வாடை, ஏட்டி."
சொன்னது அவளிடம், பார்த்தது என்னை.
படிவத்தில் அடுத்த கேள்வி:
வீட்டில் தூசி, புகை, வேறு ஏதாவது?
பேனா திறந்தே இருந்தது.

உச்சி முந்தானைக்குள் கைவிட்டு
அந்தக் கையை மறுபடி வெளியே எடுத்தாள்.
மோந்தாள். திருப்பி, உள்ளங்கைப் பக்கம் மோந்தாள்.
மூன்றாவது முறை இன்னும் நீளமாக,
முள்ளில்லாமல், மாஸ்க் இல்லாமல்.

சொட்டு மருந்து சாயங்காலம் வரைதான் தாங்கும்.
முக்கூடல் பஸ் ஒரு மணி நேரம்.
சொல்லியிருக்கலாம்.
அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.